இனாகுரேஷன்னா பறவை பாக்கிறதாமே, எங்க படிப்பக அழைப்பிதழ்ல என்ன வார்த்தை போடலாம்?

ஹட்டிப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்க ஹட்டியில, அதாவது படகர் ஊருல, ஒரு சின்ன படிப்பகம் கட்டி முடிச்சிருக்கோம். ஒரே ரூம், தகரக்கூரை, ரெண்டு ஜன்னல், தேயிலை பறிச்சு ஃபேக்டரிக்கு போடறவங்க ஆளுக்கு கொஞ்சம்னு குடுத்த காசுல வந்தது. அழைப்பிதழ் எழுதற பொறுப்பு எனக்கு. தமிழ்ல ஒரு பக்கம் இங்கிலீஷ்ல ஒரு பக்கம் வேணும்னு கமிட்டியில சொன்னாங்க. பழைய அழைப்பிதழ் ஒண்ண பாத்து "அண்டர் தி ஆஸ்பிசஸ் ஆஃப்"னு, அதாவது இன்னார் ஆதரவுலன்னு, ஆரம்பிச்சு "வில் பி இனாகுரேட்டட் பை"னு எழுதி வச்சேன். ராத்திரி சும்மா அந்த இனாகுரேட்ங்கற வார்த்தைய டிக்ஷனரில தேடினா அது பறவையில இருந்து வந்ததுன்னு போட்டிருக்கு. பறவைக்கும் ரிப்பன் வெட்டறதுக்கும் என்ன சம்பந்தம்? அதோட தமிழ்ல திறப்பு விழாவா, தொடக்க விழாவா, துவக்க விழாவா? கமிட்டில இதுக்கே மூணு கட்சி ஆயிடுச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க, அச்சுக்கு குடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு.

அச்சகத்துக்காரன்:
தம்பி, ஊட்டியில 22 வருஷமா அழைப்பிதழ் அடிக்கிறேன், எனக்கு தெரிஞ்சத சொல்றேன். கட்டடம்னா "திறந்து வைத்தார்". திட்டம்னா "தொடங்கி வைத்தார்". பஸ்ஸு, ரயிலு, பேரணின்னா "கொடியசைத்து". வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னா "அடிக்கல் நாட்டினார்". கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் "முகூர்த்தக்கால்", அதையே கொஞ்சம் பெருசா சொல்லணும்னா "கால்கோள் விழா". தேர் புதுசா செஞ்சு முதல் தடவை இழுத்து பாத்தா "வெள்ளோட்டம்". இங்கிலீஷ்காரன் பாதிக்கு மேல அந்த ஒரே இனாகுரேட்ட வச்சு ஓட்டிடறான், நாம ஒவ்வொண்ணுக்கும் கை என்ன பண்ணுதோ அத பாத்து பேரு வச்சிருக்கோம், திறக்கிறோமா, நடறோமா, அசைக்கிறோமா, இழுக்கிறோமான்னு. தொடக்கமா துவக்கமான்னு கேட்டா நான் தொடக்கம்னு தான் அடிப்பேன், பழைய நூல்கள்ல இருக்கிறது அதுதான், ஆனா துவக்கம்னு எழுதினவங்கள தப்புன்னு திருத்த மாட்டேன், அதுவும் நம்ம ஜனங்க வாயில வர்ற சொல்லுதான்.

குன்னூர்_டீச்சர்:
ஹட்டிப்பையா, நல்ல கேள்வி. நான் குன்னூர்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆனவ, கான்வென்ட்ல வயசான சிஸ்டர் ஒருத்தர்கிட்ட கொஞ்சம் லத்தீனும் படிச்சேன், அதனால இத பொறுமையாவே சொல்றேன்.

ரோம்ல ஆகுர்னு ஒரு பூசாரி வகை இருந்தாங்க. அவங்க வேலை பறவைய பாக்கிறது. எந்தப் பறவை, எந்தப் பக்கம் பறக்குது, எப்படி கத்துது, இதெல்லாம் பாத்து கடவுளுக்கு சம்மதமா இல்லையான்னு சொல்லணும். இன்ஆகுராரேன்னா அப்படி பறவை பாத்து ஒரு இடத்தையோ ஒரு ஆளையோ பதவிக்கு ஏத்து வைக்கிறது. அதுதான் இனாகுரேட். நீ எழுதின ஆஸ்பிசஸ் இருக்கே, அதுவும் பறவைதான். ஆவிஸ்னா பறவை, ஸ்பெக்கெரேன்னா பாக்கிறது. ஆக உன் அழைப்பிதழோட முதல் வரியில ஒரு பறவை, ரெண்டாவது வரியில ஒரு பறவை.

ஆகுர் கையில மேல் முனை சுருண்ட ஒரு கோல் இருக்கும், லிட்டுவஸ்னு பேரு. அத வச்சு வானத்துல ஒரு எல்லை போடுவார். இந்த எல்லைக்குள்ள வர்ற பறவை மட்டும்தான் கணக்குன்னு அர்த்தம். அந்த எல்லைக்கு டெம்ப்ளம்னு பேரு. டெம்பிள்னு நாம சொல்றது, ஆழ்ந்து யோசிக்கிறதுக்கு சொல்ற கான்டெம்ப்ளேட், ரெண்டும் அங்கிருந்து வந்ததுதான். கல்லும் சுவரும் வர்றதுக்கு முன்னாடி கோயில்ங்கறது வானத்துல கோலால வரைஞ்ச ஒரு சதுரம். இத முதல்ல படிச்சப்போ ரெண்டு நாள் எனக்கு வேற எதுலயும் மனசு போகல.

மசினகுடி_ஜீப்:
டீச்சர் என்ன பறவைங்க அது? எந்தப் பறவைய பாத்தாங்க?

குன்னூர்_டீச்சர்:
பல பறவைங்க தம்பி. கழுகு, காக்கா, ஆந்தை, மரங்கொத்தி. ஆனா ரோம் ஊரு உண்டான கதையில வர்றது பிணந்தின்னிக் கழுகு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ரோமுலஸ், ரீமஸ். ஊரு எங்க கட்டறது, யாரு ராஜான்னு சண்டை. பறவை பாத்து முடிவு பண்ணலாம்னு ஆளுக்கொரு குன்றுல ஏறி நின்னாங்க. ரீமஸுக்கு முதல்ல 6 கழுகு தெரிஞ்சுது, ரோமுலஸுக்கு அப்புறமா 12. முதல்ல பாத்தது நான்னு ஒருத்தன், அதிகமா பாத்தது நான்னு இன்னொருத்தன். அந்த சண்டையில ரீமஸ் செத்துட்டான். கி.மு. 753-ன்னு மரபா ஒரு வருஷம் சொல்வாங்க.

மசினகுடி_ஜீப்:
இத கேட்டதும் எனக்கு உடம்பு சிலுத்துக்கிச்சுங்க. நாங்க அதுக்கு பாறுன்னு சொல்றது, பாறு கழுகு, சங்கப்பாட்டுலயே இருக்கிற பேரு. இப்ப தமிழ்நாட்டுல அது கூடு கட்டி குஞ்சு பொரிக்கிற பெரிய இடம் எங்க மோயாறு பள்ளத்தாக்கு தான். நான் ஜீப் ஓட்டறவன், கணக்கெடுப்புக்கு வர்றவங்கள கூட்டிட்டு போயி கூட்டிட்டு போயி நானும் கத்துக்கிட்டேன். ஆத்தோரம் நீர்மருது மரத்துல கூடு வைக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதானுங்க. ஒண்ணு போச்சுன்னா அந்த வருஷமே போச்சு.

மாட்டுக்கு போடற வலி ஊசி டைக்ளோஃபினாக்னு ஒண்ணு, அந்த மாடு செத்தப்புறம் அத தின்ன பாறு கிட்னி கெட்டு சாகும். நாடு முழுக்க வெண்முதுகுப் பாறு நூத்துக்கு தொண்ணூத்தொம்போதுக்கும் மேல அழிஞ்சு போச்சு. 2006-ல அந்த ஊசிய மாட்டுக்கு போடக்கூடாதுன்னு தடை வந்துச்சு. போன தை மாசம் காலையில பனி விலகாத நேரம், ஜீப்ப ஆஃப் பண்ணிட்டு நிக்கிறேன், மொத்தமா நாலு பாறு ஒரு பட்ட மரத்துல றெக்கைய விரிச்சு வெயிலுக்கு காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. வெயில் ஏறி காத்து சூடானாதான் அதுக்கு மேல எழும்ப முடியும், அதுவரைக்கும் அசையாது. ஒரு மணி நேரம் நின்னேன். ஒண்ணு எழும்பினதும் மத்ததும் ஒண்ணு ஒண்ணா எழும்பிச்சு, றெக்கைய அடிக்கவே இல்ல, அப்படியே சுத்தி சுத்தி மேல போயிருச்சு. ரோம்ல 12 பாத்தவன் ராஜாவாம். இன்னைக்கு மோயாறுல 12 ஒண்ணா பாத்தா நாங்களும் அந்த சந்தோஷத்துல தானுங்க இருப்போம்.

கூடலூர்_பகுத்தறிவு:
எல்லாம் சரி தோழர்களே, ஒரு விஷயத்த நேரா சொல்லிடறேன். படிப்பகம் கட்டறதே மூடநம்பிக்கை போகணும்னு. அதுக்கு பறவை சகுனத்துல வேர் பிடிச்ச வார்த்தை எதுக்கு? கி.மு. 249-ல ட்ரெப்பானாங்கற இடத்துல ரோம் கடற்படைக்கும் அதோட எதிரி நாடான கார்த்தேஜுக்கும் சண்டை. கப்பல்ல புனிதக் கோழி வச்சிருப்பாங்க, தீனி போட்டா திங்கணும், தின்னா நல்ல சகுனம். அன்னைக்கு கோழி திங்கல. தளபதி கிளாடியஸ் புல்கர் கோவத்துல "திங்கலன்னா குடிக்கட்டும்"னு சொல்லி கோழிய கடல்ல தூக்கி போட்டுட்டு சண்டைக்கு போனான், தோத்தான். ரெண்டாயிரம் வருஷமா கோழிய அவமதிச்சதாலதான் தோத்தான்னு சொல்றாங்க. துறைமுக வாயில்ல வரிசை கலைஞ்சு கப்பல்லாம் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டதாலதான் தோத்தான். கோழிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நம்ம கிழவிங்களே சொல்லி வச்சிருக்காங்க, காக்கா இடம் போனா என்ன வலம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காம இருந்தா சரின்னு.

அச்சகத்துக்காரன்:
தோழர் சொல்றது நியாயம், ஆனா வேரப் பாத்து வார்த்தைய தள்ள ஆரம்பிச்சா தமிழ்லயும் பாதி போயிடுமே. சகுனம்ங்கற சொல்லே சமஸ்கிருதத்துல பறவைக்கு பேரு. அது வேண்டாம்னு தூய தமிழுக்கு போனா, அங்கயும் புள்ளுன்னா பறவை, புள்ளுன்னா நிமித்தம், ரெண்டும் ஒரே சொல். தொல்காப்பியத்துல "நாளும் புள்ளும்"னு சேத்தே வரும். லத்தீன், சமஸ்கிருதம், தமிழ் மூணுலயும் மனுஷன் ஒரு காரியத்துக்கு முன்னாடி தலைய தூக்கி பறவையத்தான் பாத்திருக்கான். இப்பவும் பஞ்சபட்சி பாத்து கடை திறக்கிறவங்க எங்கிட்ட வர்றாங்க, வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில்னு அஞ்சு. அதுக்காக சகுனம்ங்கற வார்த்தைய சொல்றவங்க எல்லாம் அத நம்பறாங்கன்னு ஆயிடுமா? நாற்றம்னா ஒரு காலத்துல வாசனை. இன்னைக்கு பூ நாறுதுன்னு சொன்னா அடிக்க வருவாங்க.

கூடலூர்_பகுத்தறிவு:
நாற்றம் உதாரணம் ஒத்துக்கறேன். வார்த்தைய தடை பண்ணணும்னு நான் சொல்லல. பச்சப்புள்ளைங்க வந்து உக்காரப் போற இடம், அங்க வாசல்லயே நல்லநேரம் கெட்டநேரம் வேண்டாம்னு தான் சொல்றேன். அந்த ஒரு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

மலைப்பொண்ணு:
நான் படகர் வீட்டுப் பொண்ணு. டீச்சர்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ஆகுர் ஆளையும் பதவிக்கு ஏத்து வைப்பாங்கன்னு சொன்னீங்களே, அது எப்படி பண்ணுவாங்க?

குன்னூர்_டீச்சர்:
லிவின்னு ஒரு ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கார்மா. நூமாங்கறவர ராஜாவாக்க முடிவு பண்ணினாங்க. அவர் உடனே உக்காந்துடல, முதல்ல கடவுள கேக்கணும்னு சொன்னார். ஆகுர் அவர மேட்டுக்கு கூட்டிட்டு போயி ஒரு கல்லு மேல தெக்க பாத்து உக்கார வச்சார். தலைய மூடிக்கிட்டு பக்கத்துல உக்காந்து, கோலால வானத்த பிரிச்சு, அப்புறம் கோல இடது கைக்கு மாத்திக்கிட்டு வலது கைய நூமா தலைமேல வச்சு வேண்டினார், இவரு ராஜாவாக உனக்கு சம்மதம்னா நான் வரைஞ்ச எல்லைக்குள்ள அடையாளம் காட்டுன்னு. அடையாளம் வந்தப்புறம்தான் நூமா கீழ இறங்கி வந்தார். இனாகுரேஷன்ங்கற சொல்லோட நடு உயிர் அதுதான்.

மலைப்பொண்ணு:
டீச்சர், தலைமேல கை. எங்க ஊர்ல ஹெத்தையம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கோ கல்யாணத்துக்கோ போனா பெரியவங்க முன்னாடி குனிஞ்சு தலைய குடுப்போம், அவங்க கைய தலைமேல வச்சு வாழ்த்துவாங்க. சும்மா தொட்டுட்டு எடுத்துட மாட்டாங்க, நல்லா இரு, பெருகி வாழுங்கற மாதிரி வரிசையா சொல்லிக்கிட்டே இருப்பாங்க, அது முடியற வரைக்கும் நாம குனிஞ்சே தான் நிக்கணும். எங்க பாட்டி கை பூராவும் கொழுந்து பறிச்சு பறிச்சு கறை ஏறி கறுப்பா இருக்கும், விரல் நுனி சொரசொரன்னு இருக்கும், அந்த சொரசொரப்பு மண்டையில பட்டாத்தான் எனக்கு பரிட்சைக்கே தைரியம் வரும். பறவை பாத்தது எனக்கு தெரியாது, அந்த கை எனக்கு தெரியும்.

குன்னூர்_டீச்சர்:
நீ பெருகின்னு சொன்னதும் இன்னொண்ணு சொல்லணும்மா. ஆகுர்ங்கற சொல்லே எதுல இருந்து வந்ததுன்னு ரெண்டு கருத்து உண்டு. ஒண்ணு பறவைக்கு சொல்ற ஆவிஸ்ல இருந்துன்னு. இன்னொண்ணு ஆவ்கெரேங்கற வினையில இருந்துன்னு, அதுக்கு அர்த்தம் பெருக்கறது, வளர வைக்கிறது. இப்ப ஆராய்ச்சி பண்றவங்க பலரும் ரெண்டாவதத்தான் சொல்றாங்க. ஏலத்துக்கு சொல்ற ஆக்‌ஷன், எழுத்தாளருக்கு சொல்ற ஆதர், அகஸ்டஸ்ங்கற பட்டம், அது வழியா ஆகஸ்ட் மாசம் எல்லாம் அந்த பெருகற வேர்ல இருந்து வந்ததுதான். ஏலத்துல விலை பெருகுதில்ல, அதான். உங்க பாட்டி சொல்றதும் அதே வார்த்தை.

ஹட்டிப்பையன்:
நான் ரெண்டு நாளா இத படிச்சிட்டே இருக்கேன். மனசுல இருக்கிறத சொல்லிடறேன். இந்த படிப்பகம் கட்டி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. பெரிய மனுஷர் ஒருத்தர் வந்து திறக்கணும்னு கமிட்டி ஆசைப்பட்டுச்சு, அவரு தேதி குடுக்கறதும் மாத்தறதுமா போகுது. பூட்டு போட்டபடியே கிடக்கு. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற பசங்க ஜன்னல் கம்பிய புடிச்சு உள்ள எட்டி பாக்குதுங்க. போன வாரம் ஒரு சின்னப்பொண்ணு ஜன்னல் கண்ணாடியில ஊதி ஊதி பனிய துடைச்சிட்டு அலமாரியில இருக்கிற புத்தகத்தோட முதுகுல எழுதியிருக்கிற பேர ஒண்ணொண்ணா எழுத்துக்கூட்டி படிச்சிட்டு நின்னுச்சு. எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

நூமா உக்காந்திருந்தது வானத்தோட சம்மதத்துக்காக. அதுல ஒரு மரியாதை இருக்கு, நாம ஆரம்பிக்கலாமான்னு நின்னு கேக்கிறது. நாங்க காத்திருக்கிறது அதுக்கா? இல்லையே. அந்த வார்த்தைய போடறதுக்கு எனக்கு இப்ப கூச்சமா இருக்கு. தொடக்கத்துக்கு வேற வார்த்தை என்னென்ன இருக்கு டீச்சர், கமென்ஸ், ஸ்டார்ட், இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

குன்னூர்_டீச்சர்:
ஸ்டார்ட்னா முதல்ல துள்ளறது, திடுக்குன்னு எழும்பறது. திடுக்கிட வைக்கிறத ஸ்டார்ட்டில்னு சொல்றோமே, அதே குடும்பம். பனி நாள்ல ஜீப் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு குலுக்கு குலுக்கும் பாரு, அந்த அர்த்தம் அதுல இன்னும் இருக்கு.

இன்கோவேட்னு ஒண்ணு, அரைகுறையா ஆரம்பிச்சு நிக்கிற விஷயத்துக்கு சொல்றது. அதோட லத்தீன் வேர் கோஹும், ஏரையும் நுகத்தையும் சேத்து கட்டற வாருன்னு சொல்வாங்க. மாட்ட பூட்டியாச்சு, இன்னும் உழல. கீழ்நாட்டுல சித்திரையில பொன்னேர் பூட்டறது இருக்கே, அதே காட்சி.

கமென்ஸ், இனிஷியேட், இனிஷியல் மூணும் ஒரே வயிறு. லத்தீன்ல இன்னா உள்ள, ஈரேன்னா போறது. இனிஷியம்னா தொடக்கம், சொல்லுக்கு சொல் பாத்தா உள்ள போறது. நம்ம பேருக்கு முன்னாடி போடற இனிஷியல் இருக்கே, அது பேருக்குள்ள போற வாசப்படி.

மசினகுடி_ஜீப்:
உள்ள போறதா! அப்ப அது புகுவிழா தானுங்களே. புதுமனை புகுவிழான்னு போடறோமே.

அச்சகத்துக்காரன்:
அட, இது நல்லா இருக்கே. 22 வருஷத்துல எத்தனை ஆயிரம் புதுமனை புகுவிழா அடிச்சிருப்பேன், படிப்பகத்துக்கு யாரும் கேட்டதில்ல. "படிப்பகம் புகுவிழா". திறந்து வைக்க ஒருத்தர் வேணும், புகறதுக்கு எல்லாரும் வேணும். தம்பி, இத போடு.

கூடலூர்_பகுத்தறிவு:
எனக்கு முழு சம்மதம். ராகுகாலம் பாக்காம வச்சா கூடலூர்ல இருந்து நானும் வர்றேன், கொஞ்சம் புத்தகமும் கொண்டு வர்றேன்.

மலைப்பொண்ணு:
ஊர்ல வயசான பாட்டி யாரையாவது வாசல்ல உக்கார வைங்கண்ணா. உள்ள போற பசங்க தலையில கை வச்சு அனுப்பட்டும். இது சகுனம் இல்ல தோழர், இது பாசம்.

கூடலூர்_பகுத்தறிவு:
அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்லம்மா. நானும் குனியறேன்.

குன்னூர்_டீச்சர்:
ஊட்டிக்காரங்க இருக்கிறதால இன்னொரு சொல்லும் சொல்லிட்டு போறேன், பசங்களுக்கு பிடிக்கும். ஸ்னூக்கர். 1875-ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லைன்னு ஒரு இளம் ராணுவ அதிகாரி அந்த ஆட்டத்த உண்டாக்கினார், அப்புறம் இங்க ஊட்டி கிளப்ல தான் அதோட விதிய எழுதி மாட்டினாங்க. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னா, இங்கிலாந்துல வூல்விச் ராணுவப் பள்ளியில முதல் வருஷம் சேந்த புதுப் பையன ஸ்னூக்கர்னு கூப்பிடுவாங்களாம். கூட ஆடினவர் ஒருத்தர் லேசான பந்த விட்டுட்டதும் நீ சரியான ஸ்னூக்கர்னு இவர் சொல்லிட்டார், அப்புறம் அவர் மனசு சங்கடப்படக்கூடாதுன்னு இந்த ஆட்டத்துல நாம எல்லாருமே ஸ்னூக்கர் தான்னு சொன்னார். 1938-ல அவரே எழுதினது இது. புதுசா ஆரம்பிக்கிறவங்கற சொல்லு எங்கயோ பொறந்து நம்ம மலையில சட்டம் ஆகி உலகம் பூரா போச்சு.

ஹட்டிப்பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி கமிட்டியில இந்த இழை முழுசையும் போன்ல படிச்சு காட்டினேன். அந்த சின்னப்பொண்ணு கண்ணாடிய துடைச்சத சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் தலைவர் மாமா சாவிய எடுத்து மேஜை மேல வச்சார். வர்ற ஞாயித்துக்கிழமையே வச்சுக்கலாம்னு முடிவாயிடுச்சு. அந்த பெரியவருக்கும் மரியாதையா ஒரு அழைப்பிதழ் குடுக்கறோம், வந்தா எல்லாரோடயும் சேந்து உள்ள வரட்டும்.

அண்ணா, அச்சுக்கு இதுதான்:

"படிப்பகம் புகுவிழா. ஞாயிறு காலை 10 மணி. ஊர்ப் பிள்ளைகள் முதலில் புகுவார்கள், பெரியவர்கள் பின்னால் வருவோம். அனைவரும் வருக."

இங்கிலீஷ் பக்கத்துல வெறும் ஓப்பனிங்னு போட்டுட்டேன் டீச்சர். ஆஸ்பிசஸும் எடுத்தாச்சு.

குன்னூர்_டீச்சர்:
சரியா இருக்குப்பா. காலைல முதல் பஸ்ஸுல வந்துடறேன்.

அச்சகத்துக்காரன்:
வியாழக்கிழமை சாயங்காலம் ரெடி. 150 காப்பி, காசு வேண்டாம் தம்பி. புகுவிழாங்கறத பெரிய எழுத்துல போட்டிருக்கேன், பிள்ளைகள்ங்கறதும் கொஞ்சம் பெருசு.

மசினகுடி_ஜீப்:
நான் கல்லட்டி வழியா ஏறி வர்றேன், பைனாகுலரும் எடுத்துட்டு வர்றேனுங்க, பசங்க பாக்கட்டும். பாறு உங்க பக்கம் வராது, சின்னான், சிரிப்பான் மாதிரி சின்னப் பறவைங்க கண்டிப்பா கிடைக்கும்.

ஹட்டிப்பையன்:
வாங்கண்ணா. டேன்டீ ஸ்டாப்புல இருந்து மேல ஏறற ரோட்டுல ரெண்டு நாளா காட்டெருமை ஒண்ணு கன்னோட நிக்குது, ஹாரன் அடிக்காம மெதுவா வாங்க, அதுவா நகரும்.